‘ரன்’ என்ற சொல் வந்த வழி

பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் ‘ரன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், யோசிக்காமல் ‘ஓடு’ என்று சொல்லிவிடும். தப்பில்லை. அதே பிள்ளை ஓர் ஆங்கில நாளிதழை எடுத்துப் படிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே சளி பிடித்தவனின் மூக்கு ‘ரன்’ ஆகிறது. துவைத்த சட்டையின் சாயம் ‘ரன்’ ஆகிறது. ஓர் அம்மையார் பள்ளிக்கூடம் ‘ரன்’ செய்கிறார், இன்னொருவர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். ஒப்பந்தம் மூன்று வருஷம் ‘ரன்’ ஆகிறது, கம்பி வேலி வாய்க்கால் ஓரமாகவே ‘ரன்’ ஆகிறது. இதில் ஒருவர்கூடக் காலை எடுத்து வைத்து ஓடவில்லை.

பிள்ளை குழம்பினால் அதன் மேல் குற்றம் இல்லை. ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட வினைச்சொல் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதி முடித்தபோது, 2011-ல், வினைச்சொல் என்ற வகையில் மட்டும் 645 பொருள் கணக்குக்கு வந்தது. பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ அதில் சேராது. இந்த ஒரு சொல்லைப் பிரித்து அடுக்க அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதற்கு முன்பு, 1989-ல் வந்த 20 தொகுதிப் பதிப்பில், முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. அதற்குச் சுமார் 430 பொருள்.

645 என்ற எண்ணைக் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். அது எப்படி வருகிறது என்று பார்த்தால் பயம் தெளிந்துவிடும். 1879-ல் ஜேம்ஸ் மர்ரே இந்த அகராதிப் பொறுப்பை ஏற்றபோது, பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் துண்டுத் தாள்களை அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு சொல், அது வரும் வாக்கியம், நூலின் பெயர், ஆண்டு. அந்தத் தாள்களை எடுத்துப் படித்து, இது முன்பு போட்ட குவியலில் சேருமா, தனிக் குவியலாக வைக்க வேண்டுமா என்று முடிவு செய்வதுதான் அகராதியாசிரியரின் வேலை. முதல் பகுதி 1884-ல் வந்தது, கடைசிப் பகுதி 1928-ல். ‘ரன்’ அடங்கிய ஆர் எழுத்தைக் கவனித்தவர் வில்லியம் கிரெய்கி. இன்று தாளுக்குப் பதில் கணினி வந்துவிட்டது. குவியல் பிரிக்கும் வேலை மாறவில்லை. ஆற்று நீர் ஓடுவது ஒரு குவியல், குழாய் நீர் ஓடுவது அதன் கிளை, கண்ணீர் ஓடுவது இன்னொரு கிளை. இப்படி நுணுக்கமாகப் பிரித்துப்போனால் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறும். பிரித்த கிளைகளைத் திரும்ப அடிமரம் வரை பிடித்துப்போனால் சில அடிப்படைப் பொருள்களே மிஞ்சும். அவற்றைப் பிடித்துக்கொண்டால் மீதியைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குச் சொல்லின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

இன்று ஒரே சொல்லாகத் தெரியும் ‘ரன்’, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று ஒன்று. தானாக ஓடுவதற்கும் நீர் பாய்வதற்கும் அது. ‘ஏர்னன்’ என்று மற்றொன்று. குதிரையை ஓட வைப்பது, விரட்டிச் செலுத்துவது என்பதற்கு அது. தமிழ் வாசகருக்கு இதை விளக்க ஒரு வரி போதும்: முதலாவது ஓடு, இரண்டாவது ஓட்டு. தன்வினை, பிறவினை. ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, கூடு–கூட்டு என்று நாம் நாள் முழுக்கப் பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பிரிவு ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது.

அதன் மிச்சங்கள் இன்னும் கிடக்கின்றன. ‘சிட்’ என்றால் உட்கார். அதன் பிறவினைதான் ‘செட்’, அதாவது உட்கார வை. ‘ஃபால்’ என்றால் விழு. மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ‘ஃபெல்’. ‘டிரிங்க்’ என்றால் குடி. ‘டிரெஞ்ச்’ என்றால் முதலில் குடிக்க வை, பிறகு தொப்பலாக நனை என்று ஆனது. பொருள் எண்ணிக்கையில் முன்பு முதலிடத்தில் இருந்த ‘செட்’டும் இப்போது முதலிடத்தில் இருக்கும் ‘ரன்’னும், இரண்டுமே இந்தப் பிறவினைக் கதையில் வருகின்றன என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றைச் செய்ய வைக்கும் சொல்லுக்குப் பொருள் பெருக இடம் அதிகம்.

‘ரன்’னில் அந்த எல்லைக்கோடு அழிந்துவிட்டது. ‘ரின்னன்’ மக்கள் வாயில் எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்று ஒலித்தது. மதுரையை மருதை என்றும், குதிரையைக் குருதை என்றும் நம் கிராமங்களில் சொல்வது போன்ற மாற்றம்தான். ஆங்கிலத்தில் ‘பிரிட்’ என்று இருந்தது ‘பேர்ட்’ ஆனதும் இப்படியே. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் தங்கள் மொழியிலும் இதே ஜோடியை வைத்திருந்தார்கள்: ‘ரின்னா’, ‘ரென்னா’. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து பேசிப் பழகியதில் ரகரம் திரும்ப முன்னுக்கு வந்தது, தன்வினையும் பிறவினையும் கலந்து ஒன்றாயின. ஜெர்மன் மொழியில் இந்தக் கலப்பு நடக்கவில்லை. அங்கே இன்றும் நீர் வழிந்தோடினால் ‘ரின்னன்’, ஆள் ஓடினால் ‘ரென்னன்’.

நடுவில் உள்ள உயிரெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. ‘சிங்’, ‘சேங்’, ‘சங்’ என்பது போல இதுவும் ‘ரின்’, ‘ரேன்’, ‘ரன்’ என்று மூன்று வடிவமாக இருந்திருக்க வேண்டிய சொல். கடைசி வடிவத்தின் உயிர் நிகழ்காலத்துக்கும் ஏறிவிட்டது. அதனால்தான் முதலும் கடைசியும் ஒன்றாகவே இருக்க, இறந்தகாலம் மட்டும் ‘ரேன்’ என்று நிற்கிறது. ஸ்காட்லாந்தின் பேச்சில் ‘ரின்’ இன்னும் வழங்குகிறது.

இந்தக் கலப்பின் விளைவை ஒரு வாக்கியத்தில் நேராகப் பார்க்கலாம். பஸ் ஓடுகிறது என்பதற்கும் ‘ரன்’, முதலாளி பஸ் ஓட்டுகிறார் என்பதற்கும் ‘ரன்’. யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்பதைச் சொற்கள் நிற்கும் வரிசைதான் காட்டிக்கொடுக்கும். ‘ரன்’னுக்கு ‘ஓடு’ என்று மட்டும் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது பாதிப் பாடம். ‘ஓட்டு’ என்ற மறுபாதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், கடை நடத்துவது, கம்பெனி நடத்துவது, நாட்டை ஆள்வது, கணினியில் ஒரு புரோகிராமை இயக்குவது எல்லாம் தானாக விளங்கிவிடும். குடும்பத்தை ஓட்டுகிறேன், பொழுதை ஓட்டுகிறேன், படம் ஓட்டுகிறார்கள் என்று நாம் சொல்வதில்லையா? நிறுவனத்தை நடத்துவது என்ற பொருள் 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவலானது. இயந்திரம் ஓடுவது என்ற பொருள் அதற்கும் முந்தியது. நீராவி எந்திரமும் ரயிலும் ஆலைகளும் பெருகப் பெருக, அவை ஓடுவதையும் அவற்றை ஓட்டுவதையும் சொல்ல இந்தச் சொல்லே கைக்கு வந்தது. சென்ற நூற்றாண்டில் கணினியும் சேர்ந்துகொண்டது.

இனி நீர்ப்பக்கம் வருவோம். இதைத்தான் நம் பாடப்புத்தகங்கள் அதிகம் விட்டுவிடுகின்றன. பாய்வது, வழிவது என்பது ‘ரன்’னுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள் அல்ல, தொடக்கத்திலிருந்தே கூட வருவது. மூக்கு ஒழுகுவது, குழாய் திறந்திருப்பது, சாயம் கரைந்து பரவுவது, மெழுகு உருகி வழிவது, குளிக்கத் தொட்டியில் நீர் பிடிப்பது என எல்லாவற்றுக்கும் ‘ரன்’ வருவது இதனால்தான். நாம் இவற்றை ஒழுகு, வழி, கரை, பிடி என்று தனித்தனிச் சொல்லால் சொல்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. கடையில் வாங்கும் சீஸ் பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் ‘மைக்ரோபியல் ரெனெட்’ என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாலைத் திரிய வைக்கும் பொருள் அது. பால் ஓடிச் சேர்ந்து கட்டியாகிறது என்ற பழைய வழக்கிலிருந்து வந்த பெயர். ‘ரெனெட்’டும் ‘ரன்’னின் உறவுதான்.

இதோடு நிற்கவில்லை. லத்தீனில் ஓடு என்பதற்கு ‘குர்ரெரே’ என்று ஒரு வினை உண்டு. அதன் பிள்ளைகளையும் ஆங்கிலம் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சு வழியாகவும் அள்ளிக்கொண்டது. நம் வீட்டில் ‘கரண்ட் போச்சு’ என்கிறோமே, அந்தக் கரண்ட், ஓடுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கைக்குக் கை ஓடும் பணம் கரன்சி, கடிதத்தோடு ஓடுகிறவர் கூரியர், திரையில் ஓடும் குறி கர்சர். கல்லூரியில் படிக்கும் கோர்ஸ், கட்டடத்தின் காரிடார் எல்லாம் அதே வேர். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் படிப்புக்கும் பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் வந்து குவிந்தன. வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் புழங்கியவர்கள் பழைய குட்டிச் சொற்களையே வைத்துக்கொண்டார்கள். புதிதாக எது வந்தாலும் அந்தக் குட்டிச் சொல்லின் தலையிலேயே ஏற்றினார்கள். ‘ரன்’ மட்டுமல்ல, ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’, ‘மேக்’ என்று பொருள் பெருத்த வினைகள் எல்லாம் ஓரசைச் சொற்களாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நகராத பொருளுக்கு ‘ரன்’ வருவதுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. வேலி எப்படி ஓடும்? நம் பேச்சையே கேட்டுப் பாருங்கள். ‘இந்த ரோடு நேரா செங்கல்பட்டு போகுது’ என்கிறோம். ரோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் நீளத்தை ஒட்டி நம் கண்தான் போகிறது. ‘சுவத்துல விரிசல் ஓடுது’ என்பதும் அப்படித்தான். அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி இதற்குக் ‘கற்பனை நகர்வு’ என்று பெயரிட்டு விரிவாக எழுதியிருக்கிறார். இடத்தில் நீள்வது போலவே காலத்தில் நீள்வதற்கும் ‘ரன்’ வரும். ஒப்பந்தம் ஓடுகிறது, விடுப்பு ஓடுகிறது, நாடகம் ஓடுகிறது. லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகம் 1952-ல் தொடங்கி, 2020-ல் கொரோனா அடைப்பு வரும்வரை இடைவிடாமல் ‘ரன்’ ஆனது. 2021-ல் மறுபடி தொடங்கியது. படம் நூறு நாள் ஓடியது என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் விளக்கம் தேவையே இல்லை.

உண்மையான கஷ்டம் பின்னொட்டுகளில்தான். ‘ரன்’னுக்குப் பின்னால் ‘அப்’, ‘டவுன்’, ‘அவுட்’, ‘ஓவர்’, ‘இன்டு’ என்று ஒன்று வந்து ஒட்டினால் பொருள் புரண்டுவிடும். ‘ரன் டவுன்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய சுவர்க்கடிகாரத்தில் எடைக்குண்டு தொங்கும். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும் விசையில்தான் பற்சக்கரங்கள் சுழலும். குண்டு அடிக்கு வந்துவிட்டால் கடிகாரம் நிற்கும். அது ‘ரன் டவுன்’. பேட்டரி தீர்ந்தால் அதே சொல். உழைத்து உழைத்து உடம்பு ஓய்ந்துபோனாலும் அதே சொல். பராமரிப்பில்லாமல் பாழடைந்த கட்டடத்துக்கும் அதே சொல். இவை ஒரு வரிசை. ஆளைக் கார் மோதித் தள்ளுவதும், ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் இன்னொரு வரிசை. அங்கே ‘டவுன்’ என்பது கீழே தள்ளுவது. ஒரே சொற்கோவைக்குள் இரண்டு படம் இருக்கிறது என்று தெரிந்தால் ஆறு பொருளும் நினைவில் நிற்கும்.

‘ரன் அவுட்’டும் இப்படித்தான். கிரிக்கெட்டில் ஓடும்போது ஆட்டமிழப்பது. சமையலறையில் பால் ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோயிற்று. உள்ளதெல்லாம் வெளியே ஓடிவிட்டது. முதலாவதில் ‘அவுட்’ ஆட்டத்தை விட்டு, இரண்டாவதில் பாத்திரத்தை விட்டு. கிரிக்கெட்டைத் தொட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடலாம். ஆட்டத்தின் தொடக்க காலத்தில் ஓட்டங்களை ஒரு குச்சியில் கத்தியால் வெட்டிக் கணக்கு வைத்தார்கள். அப்போது அதற்கு ‘நாட்ச்’, அதாவது வெட்டு என்று பெயர். பிறகுதான் ‘ரன்’ நிலைத்தது.

நாட்டுக்கு நாடு மாறும் வழக்குகளும் உண்டு. தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டேண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். தேர்தலில் நிற்கிறார் என்ற நம் வழக்கோடு பிரிட்டிஷ் வழக்கு ஒத்துப்போகிறது. வங்கிக்கு ஆபத்து என்று வதந்தி பரவி, பணத்தை எடுக்கக் கூட்டம் முண்டியடிப்பதும் ‘ரன்’தான். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன் வரிசை வரிசையாக மக்கள் நின்றதைச் செய்தித்தாள்கள் இந்தச் சொல்லால்தான் எழுதின. வெறிபிடித்து ஆளையெல்லாம் தாக்குவதற்கு ‘ரன் அமோக்’ என்பார்கள். அதில் ‘அமோக்’ மலாய்ச் சொல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்கு ‘அமுக்’ என்று அறிமுகமானதுதான்.

நம் ஊர்ப் பேச்சிலும் இந்தச் சொல் வேர் பிடித்துவிட்டது, அதுவும் பொருள் பிசகாமல். ‘ரன்னிங்ல ஏறாதப்பா’ என்று கண்டக்டர் கத்துவது நகர்ந்துகொண்டிருக்கும் பஸ்ஸைக் குறித்து. ரயில்வேயில் லோகோ பைலட்டுகளும் முன்பு கார்டு எனப்பட்ட டிரெயின் மேனேஜர்களும் ‘ரன்னிங் ஸ்டாஃப்’, வண்டி ஓட்டி வந்தவர்கள் அடுத்த வண்டி எடுக்கும்வரை தூங்கி எழுவது ‘ரன்னிங் ரூம்’. ஓட்டத்தோடு பிழைப்பு உள்ளவர்களின் அறை என்பதால் அந்தப் பெயர். கேட், கிரில், கைப்பிடி வேலைக்கு மேஸ்திரி ‘ரன்னிங் ஃபீட்’ கணக்கில் கூலி பேசுவார். அகலத்தை விட்டு, நீளம் எவ்வளவு ஓடுகிறது என்ற அளவு அது. மேலே சொன்ன வேலிப் பொருளேதான். கான்ட்ராக்டர் வேலை முடியும் முன்பே அவ்வப்போது போடும் ‘ரன்னிங் பில்’ காலத்தில் நீளும் பொருள். அகராதியைத் திறக்காமலே மேஸ்திரியும் கண்டக்டரும் ‘ரன்’னின் மூன்று பெரிய குவியல்களைச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த உதாரணங்களிலிருந்தே தொடங்கலாம். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததை விட்டுவிட்டு ஐம்பது பொருள் கொண்ட பட்டியலைக் கையில் கொடுப்பது வீண் வேலை. பரீட்சைக்கு முதல் நாள் ஏறிய பட்டியல் மறுநாளே இறங்கிவிடும்.

புதிய வாக்கியம் ஒன்றில் ‘ரன்’னைக் கண்டால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஓடுவது எது? அது தானாக ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா? ஓட்டம் இடத்திலா, காலத்திலா, நீர்போல வழிவதிலா? பெரும்பாலான வாக்கியங்கள் இதிலேயே திறந்துகொள்ளும். பின்னொட்டு சேர்ந்தவற்றுக்கு மட்டும் அகராதியைப் பாருங்கள். பொருளை மட்டும் குறித்துக்கொள்ளாமல் உதாரண வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள். பிறகு இதே முறையில் ‘செட்’டை எடுத்துப் பாருங்கள். அது ‘சிட்’டின் பிறவினை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், பாதி வேலை முடிந்துவிட்டது.